குரலை வளைக்காதீர்கள், ஒலிவாங்கியை மாற்றுங்கள்

பாடுகிறவரின் தொண்டையைக் கருவிக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று ஒருவர் துணிந்து கட்டுரை எழுதியிருக்கிறார். மன்னார்த் திருக்கேதீஸ்வரக் கோயிலின் தேவாரப் பதிகங்கள் இரண்டையும் ஒழுங்காக ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும் என்று மாந்தைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் முயன்றுகொண்டிருக்கிற நேரம் இது. அந்தக் கட்டுரை அவர்கள் கையில் கிடைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பாட இருந்த பெரியவரை மாற்றிவிடலாமா என்று அவர்கள் என்னிடமே வந்து கேட்டார்கள். இதற்குப் பிறகும் பேசாமல் இருப்பது சரியல்ல.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். ஸ்டூடியோவுக்கு உரியது பெரிய டயஃப்ரம் கொண்ட கொண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றே. அதிலும் நொய்மன் நிறுவனத்தின் யூ 87 போன்ற விலை கூடிய ஒன்றே உண்மையான ஒலியைத் தரும். வசதி இல்லாதவர்கள் அதே தோற்றத்தில் கிடைக்கும் மலிவானதை வாங்கலாம். டைனமிக் ஒலிவாங்கி மேடைக்கும் கூட்டத்துக்கும்தான். குறை எதுவும் இருந்தால் கணினியில் சரிசெய்துவிடலாம். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அரைகுறை அறிவு என்று விட்டுவிடலாம். அவர் அதற்கு மேலும் போகிறார். கோயிலில் பஞ்சபுராணம் பாடுகிறவர்களின் குரலும் எங்கள் கூத்துக் குரல்களும் ஒலிவாங்கிக்கு ஒவ்வாத கரட்டுக் குரல்களாம். பதிவுக்கு முன் அவர்கள் மெல்லப் பாடப் பழக வேண்டுமாம், முடியாவிட்டால் சினிமாப் பாட்டுப் பாடும் இளங்குரல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

முதலில் அவருடைய அடித்தளத்தை எடுத்துக்கொள்கிறேன். விலை கூடிய ஒலிவாங்கி உள்ளதை உள்ளபடி பதிகிறது, ஆகவே அதில் ஒரு குரல் கெட்டு ஒலித்தால் குற்றம் குரலுடையது என்கிறார். உள்ளதை உள்ளபடி பதிகிற பாட்டு ஒலிவாங்கி எதுவும் உலகத்தில் இல்லை. ஒவ்வொன்றும் சில அதிர்வெண்களைத் தூக்கியும் சிலவற்றைத் தணித்தும்தான் தருகிறது. அதைத் தயாரித்த நிறுவனமே வரைபடம் போட்டுப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறது. 1967-இல் வந்த யூ 87-இன் இன்றைய வடிவத்துக்கு நொய்மன் வெளியிட்டிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். 10,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கோடு மேலே எழும்புகிறது. எல்லோரும் புகழும் அந்தப் பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது. அடித்தொண்டையில் மூடிக்கொண்டு ஒலிக்கும் குரலுக்கு அது வரம். ஏற்கெனவே கூர்மையான குரலுக்கு, ச, ஸ ஒலிகள் சீறும் குரலுக்கு, அதே எழுச்சி காதைக் குத்தும். ஒரே கருவி ஒருவருக்கு நல்லதும் இன்னொருவருக்குக் கெடுதலும் செய்கிறது என்றால் அதை உண்மைக்கு அளவுகோலாக வைப்பது எப்படி நியாயமாகும்?

கணீர் என்று நாம் சொல்லும் குரலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. பயின்ற ஆண் பாடகர்கள் தங்கள் குரலின் வலுவை 3,000 ஹெர்ட்ஸ் அருகே குவிக்கிறார்கள், அதனால்தான் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டியும் ஒலிவாங்கி இல்லாமலே அவர்கள் குரல் கேட்கிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி விளக்கியிருக்கிறார். அவர் ஆராய்ந்தது மேற்கத்திய ஓபராக் குரல்களை. ஆனால் வெளிவீதி வரை கேட்க வேண்டும் என்று பாடிப் பழகிய நம்மவர் குரலும் வலுத் தேடுவது அதே வட்டாரத்தில்தான் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட குரலின் முன் அந்த இடத்துக்கு மேலுள்ள பகுதியைத் தூக்கிக் காட்டும் கருவியை வைத்துவிட்டுக் குரல் கரடு என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். கருவியைத் தெரிந்தெடுத்தவர் செய்த பிழையின் தண்டனை பாடியவர் தலையில் விழுந்திருக்கிறது.

அழுத்தக் கணக்கும் இருக்கிறது. ஒரு மீற்றர் தொலைவில், உச்ச இடங்களில் 100 டெசிபெல்லைத் தொடும் குரல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தொலைவு பாதியாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். வாயிலிருந்து 10 சென்ரிமீற்றரில் அது 120-ஐ எட்டிவிடும். இன்றைய யூ 87 சிதைவில்லாமல் தாங்கும் எல்லை என்று நொய்மன் தருவது, முன்பக்கம் மட்டும் கேட்கும் அமைப்பில், 117 டெசிபெல். 10 டெசிபெல் குறைக்கும் ஆளி ஒன்று அதில் இருக்கிறது, அதைப் போட்டால் சமாளிக்கலாம், பாடுகிறவரைத் தள்ளி நிறுத்தினாலும் சமாளிக்கலாம். இந்த இரண்டில் ஒன்றையாவது கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டாமா? வாயை ஒலிவாங்கியோடு ஒட்டிவைத்துப் பாடச் சொல்கிறார், குரல் உடைந்தால் பாடகர் தணிந்து பாட வேண்டும் என்கிறார்.

வசதியில்லாதவர்களுக்கு அவர் சொல்லும் மாற்றுவழி இதைவிடப் பெரிய கேடு. கொழும்பு புறக்கோட்டையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் யூ 87 போலவே தோற்றமுள்ள மலிவான கொண்டென்சர்கள் கிடைக்கின்றன. நொய்மன் தன் கே 67 என்னும் உள்உறுப்பை உயர் அதிர்வெண்கள் தூக்கலாக வரும்படிதான் வடிவமைத்தது. பிறகு மின்சுற்றில் அந்தத் தூக்கலைத் திட்டமிட்டுத் தணித்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒலிவாங்கி. மலிவான பிரதிகளில் பல, உறுப்பை மட்டும் நகலெடுத்துவிட்டுத் தணிக்கும் சுற்றை விட்டுவிடுகின்றன. விளைவு, எட்டாயிரம் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் எல்லாம் கீச்சிடும். கணீர்க் குரலுக்கு இதைவிடப் பொருந்தாத கருவியைத் தேடிப் பிடிப்பது கடினம். அதைத்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்.

டைனமிக் ஒலிவாங்கி ஸ்டூடியோவுக்கு ஆகாது என்ற கூற்றுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மைக்கல் ஜாக்சனின் 1982-ஆம் ஆண்டுத் 'திரில்லர்' தொகுப்பில் புரூஸ் ஸ்வீடியன் அவர் குரலைப் பதியப் பயன்படுத்தியது ஷூர் எஸ்எம்7 என்னும் டைனமிக். அதன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி-ஐ ஏறத்தாழ 400 டொலருக்கு வாங்கலாம். யூ2 குழுவின் போனோ ஸ்டூடியோவுக்குள்ளேயே கையில் எஸ்எம்58 என்னும் டைனமிக்கைப் பிடித்துப் பாடிப் பதிந்தவர். அந்தக் கூடங்களில் விலை கூடிய ஒலிவாங்கிகளுக்குப் பஞ்சமில்லை. எதிரே நின்ற குரலுக்கு எது பொருந்தியதோ அதை எடுத்தார்கள்.

இனி, என்னைக் கொதிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கரட்டுக் குரல் என்று அவர் எழுதியது யாரை? மாலைப் பூசையின் முடிவில், எந்தச் சன்மானமும் எதிர்பார்க்காமல், சந்நிதியில் நின்று தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என ஐந்தையும் ஓதுகிறவரை. விடிய விடிய நடக்கும் கூத்தில் நெருப்பாய் நின்று பாடும் அண்ணாவியாரை. இவர்கள் குரலைக் கட்டுரையாளர் எதன் வழியாகக் கேட்டார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாரா? கோயில் கோபுரத்தோரம் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் வழியாக. கூம்பு ஒலிபெருக்கி கீழ்ச் சுரங்களின் கனத்தை வெட்டி எறிந்துவிட்டு நடு அதிர்வெண்களை மட்டும் பீறிட்டு அனுப்பும் பொருள். அறிவிப்புத் தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது அது. அதோடு சேர்ந்த பெருக்கியை எல்லைக்கு மேல் திருகிவைத்தால் ஒலியின் முகடுகள் வெட்டுண்டு சிதையும். அந்தச் சிதைவை அவர் குரலின் இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒலிப்பதிவு தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் செய்யக்கூடாத பிழை இது. ஒரு நாள் கூம்பை நிறுத்திவிட்டு, ஆறடி தள்ளி நின்று, வெறும் காதால் அதே பெரியவரைக் கேட்கட்டும். அந்தக் குரலில் மார்பின் கனமும் இருக்கிறது, மேலே போகும்போது நூல் பிடித்தாற்போன்ற சுத்தமும் இருக்கிறது.

ஒலிவாங்கி வந்தபின் தமிழிசை முழுவதுமே தணிந்த குரலுக்கு மாறிவிட்டது, ஆகவே உரத்த குரல் காலாவதியானது என்று வரலாற்றையும் துணைக்கு அழைக்கிறார். வரலாறு அவர் பக்கம் நிற்கவில்லை. ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி ஆள் வரை கேட்கப் பாடினார்கள். கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்த அந்த இருவரையும் கேட்கக் கூட்டம் அலைமோதியது. கிட்டப்பா 1933-இல் மறைந்துவிட்டார். சுந்தராம்பாளோ ஒலிவாங்கியின் காலத்துக்குள்ளும் நடந்து வந்தார். சினிமாவில் பாடினார், தன் குரலை ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை. அவரைக் கேட்டுத் தமிழுலகம் காதைப் பொத்திக்கொண்டதா? ஔவையார் வேடத்தில் அவர் பாடியதை இன்றும் கோயில் வீதிகளில் கேட்கிறோம்.

ஒலிவாங்கி மென்மையான குரல்களுக்குக் கதவு திறந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை, மகிழ்கிறேன். ஒன்றரைக் கட்டைக்கும் கீழே இறங்கி நின்று பாடிய எம். டி. ராமநாதனை ஒலிவாங்கி இல்லாமல் ஒரு சபை முழுவதும் கேட்டிருக்க முடியாது. ஏ. எம். ராஜாவின், பி. பி. ஸ்ரீனிவாஸின் காதோரக் குரல்கள் ஒலிவாங்கியால்தான் நமக்குக் கிடைத்தன. ஆனால் அவர்கள் பாடிய அதே காலத்தில், அதே சென்னையில், அதே திரைப்படங்களுக்காகச் சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் பாடினார்கள். கோவிந்தராஜனை ராஜா மாதிரிப் பாடச் சொல்லி எந்த இசையமைப்பாளரும் கேட்கவில்லை. அவரவர் குரலுக்குரிய பாட்டை அவரவரிடம் கொடுத்தார்கள், பொறியாளர்கள் தூரத்தையும் அளவையும் மாற்றி அந்தக் குரலைப் பிடித்தார்கள். ஒலிவாங்கியின் வரலாறு என்பது குரல்களின் வகை பெருகிய வரலாறு. அதைக் குரல்களை ஒரே அச்சில் வார்க்கும் வரலாறாகத் திரித்து, எங்கள் பெரியவர்களை வெளியேற்றும் நியாயமாக்கியிருக்கிறார் இவர்.

கூத்தைப் பற்றியும் பேச வேண்டும். மன்னார் மாதோட்டத்துக்கென்று ஒரு கூத்துப் பாங்கு உண்டு. கத்தோலிக்க ஊர்களில் அண்ணாவியார்கள் பரம்பரை பரம்பரையாகக் காத்துவந்த கூத்துகளில் 'எண்டிறீக்கு எம்பரதோர்' 1964-இலும் 'மூவிராசாக்கள் வாசகப்பா' 1966-இலும் 'ஞானசவுந்தரி' 1967-இலும் பேராசிரியர் சு. வித்தியானந்தனால் பதிப்பிக்கப்பட்டன. பாடல் வரிகள் நூலில் இருக்கின்றன. அவற்றைப் பாடும் குரல் நூலில் இல்லை. அது அண்ணாவியாரின் மார்பிலும் தொண்டையிலும் இருக்கிறது, அவரோடு போய்விடும். திறந்தவெளியில் மத்தளத்துக்கும் பிற்பாட்டுக்கும் மேலே எழுந்து நிற்க வேண்டியிருந்ததால் உருவான குரல் அது. பிற்காலத்தில் ஒலிவாங்கி மேடைக்கு வந்தபோது என்ன நடந்தது? ஆடிக்கொண்டே பாடியவர்கள் அதன் முன்னால் வந்து அசையாமல் நின்று பாடிவிட்டுப் போனார்கள். ஆட்டம் அடிபட்டது. கருவிக்காக மனிதரை மாற்றியதன் நட்டத்தை ஒரு முறை நாங்கள் அனுபவித்துவிட்டோம். இப்போது குரலையும் கொடு என்கிறார். கொடுக்க முடியாது.

பிள்ளைகள் பதிய நினைக்கும் பதிகங்களையே எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய கேதீச்சரப் பதிகம் நட்டராகப் பண். இன்று பந்துவராளியில் பாடுகிறோம். ஏழாம் திருமுறையில் சுந்தரர் பாடியது நட்டபாடை. நாட்டை சார்ந்து, கம்பீரநாட்டையில் பாடுவது வழக்கம். இருவருமே கடலுக்கு அக்கரையில் நின்று இந்தக் கரையைப் பாடியதாகத்தான் மரபு சொல்கிறது. பந்துவராளியின் சின்ன ரிஷபத்தை அசைத்து இறக்கும்போது குரல் நுணுகும், ஒலிவாங்கிக்குக் கொஞ்சம் நெருங்கலாம். நாட்டையில் நிஷாதத்திலிருந்து மேல் சட்சத்தைத் தாக்கும்போது அதே குரல் வெடித்து எழும், அங்கே ஒரு சாண் பின்னே போக வேண்டும். ஒரே பாடகருக்குள்ளேயே பதிகத்துக்குப் பதிகம் தேவை மாறுகிறது. இப்படி இருக்க, தமிழ் பேசும் எல்லாத் தொண்டைகளுக்கும் ஒரே பெட்டியைச் சிபாரிசு செய்கிறார்.

கணினியில் பிறகு சரிசெய்யலாம் என்பது சோம்பேறியின் வாதம். ஈக்குவலைசர் ஓர் அதிர்வெண்ணைத் தூக்கவோ தணிக்கவோ செய்யும், அவ்வளவே. முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியோயிட் வகை ஒலிவாங்கியில் வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச் சுரங்கள் வீங்கும். தேவாரம் பாடுகிறவர் கல்லாய் நிற்பதில்லை, உருகும்போது தலை அசையும், முகம் திரும்பும். ஒவ்வோர் அசைவிலும் வீக்கமும் கூர்மையும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே அளவில் போட்ட திருத்தம் ஓரிடத்தில் பொருந்தினால் மற்ற இடத்தில் கெடுக்கும். இப்படி அசைகிறவர்களுக்கென்றே, நெருக்கத்தால் வரும் வீக்கத்தைப் பெரிதும் குறைத்து வடிவமைத்த எலெக்ட்ரோ-வொய்ஸ் ஆர்இ20 1968-இலிருந்து சந்தையில் இருக்கிறது. அதன் பெயரே கட்டுரையில் இல்லை.

அதைவிட முக்கியமானது, பாடுகிறவரின் காதில் மாட்டிய ஹெட்போன். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கி தரும் தன் குரலைத்தான் அதில் கேட்கிறார். அது கீச்சென்று வந்தால் அவரை அறியாமலே தொண்டை சுருங்கும், மேல் சட்சத்தில் தயங்குவார். கீழே வீங்கி வந்தால் சொகுசில் தணிந்து, சுருதியை விட்டுக் கீழே சாய்வார். இந்தத் தயக்கமும் சாய்வும் பாட்டுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. எந்த மென்பொருளும் பாடாத வீச்சைப் பாடியதாக மாற்றித் தராது. குரலுக்குப் பொருந்திய ஒலிவாங்கி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். சரியான கருவியின் முன் நின்ற பாடகர் தன்னைத்தானே கேட்டு மகிழ்ந்து இன்னும் நன்றாகப் பாடுவார். இதைப் பதிவு அறையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரும்பாய் இறுகி நின்ற ஓர் அம்மா, ஒலிவாங்கியை மாற்றியதும் தோளைத் தளர்த்திக்கொண்டு பதிகத்தை முதலிலிருந்து பாடுகிறேன் என்று தானே கேட்டார்.

கட்டுரையாளர் எங்கள் கரையையும் அறியவில்லை. அவர் கற்பனையில் இருப்பது நுரைப்பஞ்சுச் சுவர் போட்ட, குளிரூட்டிய நகரத்து அறை. இங்கே சோளகக் காற்று தொடங்கினால் ஓலையும் தகரமும் மாதக்கணக்கில் ஓய்வதில்லை. மன்னார்த் தீவில் தம்பபவனி என்று 30 காற்றாலைகளை நிறுத்தி, 2020 டிசம்பரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதே இந்தக் காற்றை நம்பித்தான். மன்னார் நகர வீதிகளில் கழுதைகள் கூட்டமாகத் திரிகின்றன, அவை கத்துவதற்கு நேரம் காலம் இல்லை. இந்தச் சூழலில் வீட்டறையில் கொண்டென்சரை வைத்து இரண்டடி தள்ளி நின்று பாடினால் வெளியுலகம் முழுவதும் பதிகத்தோடு சேர்ந்து வரும். டைனமிக் மந்திரத்தால் வெளிச்சத்தத்தைத் தள்ளுவதில்லை. அதை வாயருகே வைத்துப் பாட முடிகிறது, அதனால் குரல் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் பதிகின்றன. ஆகவே இரைச்சலான அறைக்கு அது உதவும். கடற்கரையின் ஈரமும் உப்பும் இன்னொரு தொல்லை. கொண்டென்சரின் உள்ளே மின்னூட்டம் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டுப் பொரிவதுபோல் சத்தம் வரும். வேலை முடிந்ததும் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். கரையோரத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் முதலில் சொல்லியிருக்க வேண்டிய தகவல் அது.

கோயில் மண்டபத்திலேயே பதிந்தால் தெய்வீக எதிரொலி கிடைக்கும் என்றும் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட கேதீஸ்வரம் இன்று கருங்கல் திருப்பணி. கருங்கல் ஒலியை உறிஞ்சுவதேயில்லை என்று சொல்லிவிடலாம், விழுந்ததில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். விருத்தமாக நீட்டிப் பாடினால் அது அழகுதான். பதிகத்தைத் தாளத்தோடு பாடினால் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் விழுந்து தமிழ் கலங்கும். சம்பந்தரின் சொல் கேட்காத தேவாரப் பதிவை யாருக்காகச் செய்வது?

நான் கொண்டென்சருக்கு எதிரி அல்ல. சிறு பிள்ளைகளின் குரலுக்கும், மூச்சு கலந்து மெல்லப் பாடுகிற குரலுக்கும், அமைதியான அறை கிடைத்தால், அதுவே பொருத்தம். ஒரே குரலுக்கு யூ 87 தரும் மின்னழுத்தம் எஸ்எம்7பி தருவதைப்போல் 25 மடங்கு. மெல்லிய குரலை எஸ்எம்7பி-இல் பதிந்தால் ஏறத்தாழ 60 டெசிபெல் பெருக்க வேண்டிவரும், மலிவான பெருக்கியில் இரைச்சல் மேலே வந்துவிடும். அந்த இடத்தில் டைனமிக்கை வற்புறுத்துவதும் இதே முட்டாள்தனம்தான். கணீர்க் குரலுக்கு எஸ்எம்7பி-ஐயோ ஆர்இ20-ஐயோ, கிடைத்தால் ஒரு ரிப்பன் ஒலிவாங்கியையோ முதலில் வைத்துப் பாருங்கள். ரிப்பன் வகை மேல் அதிர்வெண்களில் இயல்பாகவே தணிந்து போவதால் கூர்மை குத்தாது. காற்று அதற்கு ஆகாது, ஊதிப் பார்க்காதீர்கள். அடைத்து ஒலிக்கும் குரலுக்கு மேலெழும்பும் கொண்டென்சரை வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இரவல் வாங்குங்கள். வாடகைக்கு எடுங்கள். மன்னாரிலும் வவுனியாவிலும் ஒலிப்பதிவு செய்கிறவர்களிடம் கேட்டால் ஒரு பகல் பொழுதுக்குத் தருவார்கள். வேறுவேறு வகை ஒலிவாங்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, பாட இருக்கிறவரையே, பாட இருக்கிற பதிகத்தையே பாடவையுங்கள். கணினி முன் சும்மா ஆலாபனை செய்து பார்ப்பதால் பயனில்லை. மேல் சட்சம் வரும் அடியையும் ச, ற, ட நெருங்கி வரும் அடியையும் தெரிந்தெடுங்கள். ஒலியளவை எல்லாவற்றிலும் சமமாக்கிக்கொள்ளுங்கள். சற்றே உரத்துக் கேட்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றி ஏமாற்றும். எது எந்தக் கருவி என்று தெரியாமல் கேளுங்கள். பாடியவரையும் பக்கத்தில் இருத்திக் கேட்கச் சொல்லுங்கள், அவர் தெரிவுக்கு முதல் மதிப்புக் கொடுங்கள். விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள்.

அந்த விலைச்சீட்டைப் பற்றிக் கட்டுரையாளருக்கு இரண்டு வார்த்தை. யூ 87 ஒன்று 3,000 டொலருக்கு மேல். 2022-இல் ரூபாய் சரிந்த பிறகு அது நம் காசில் பத்து இலட்சத்தைத் தொடுகிறது. மீன்பிடியிலும் வயலிலும் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளிடம், இது இல்லாவிட்டால் உங்கள் பதிவு பதிவே அல்ல என்று சொல்வது கொடுமை. அதில் சிறு பங்குக்கு ஒரு நல்ல டைனமிக்கும், நடுத்தரக் கொண்டென்சர் ஒன்றும், கொண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் தரும் ஒலி இணைப்பானும் வாங்கலாம். அறைச் சுவரில் தடித்த போர்வைகளைத் தொங்கவிடலாம். மிச்சத்தில், இத்தனை ஆண்டுகள் சந்நிதியில் காசு வாங்காமல் ஓதிய அந்தப் பெரியவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் உரிய சன்மானத்தைக் கொடுக்கலாம். பிள்ளைகள் அவரையே பாடவைக்க முடிவு செய்துவிட்டார்கள். கரட்டுக் குரல் என்று எழுதிய வரியைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பை அவர் பெயரோடு, கட்டுரை முதலில் அச்சான இடத்திலேயே, வெளியிட வேண்டும்.